நாலாம் இடத்துக் காவல்

ஆல்டன் ரெடிக்கின் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் நான்தான். மேனேஜர் போட்டான், பெரிய டீம்காரன் போட்டான் என்று இன்னமும் சில பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதெல்லாம் சும்மா. ஒரு தட்டு பான்கேக்கை முன்னால் வைத்துக்கொண்டு, காலைவேளையில், நிதானமாக நான் போட்ட மண் அது.

எழுபத்து நாலாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். ஹார்லன் ஃபால்ஸ் பேஸ்பால் டீமில் ஆடிக்கொண்டிருந்தோம். பெரிய லீகுக்கு ஒரே ஒரு படி கீழே. அந்த ஒரு படியைப் பார்த்துக்கொண்டே கிழவனானவன் நான். வெர்னன் ஸ்டக்கி, வயது முப்பத்தைந்து, பதினாலு வருஷ ஆட்டம். அதில் மேலே இருந்தது ஒன்பது நாள். பேட் பிடித்தது ரெண்டே தடவை. ரெண்டு தடவையும் அவுட்.

ஆல்டனுக்கு இருபத்தேழு. அந்த வருஷம் அவன் கையில் பேட் பேசியது. ஆயிரம் தடவைக்கு முந்நூற்று முப்பத்தெட்டு ஹிட் என்ற கணக்கில் அடித்துக்கொண்டிருந்தான். லீகிலேயே அவன்தான் முதல். செப்டம்பரில் பெரிய டீம் ஒரே ஒரு ஆளை மேலே கூப்பிடப் போகிறது என்று பேச்சு. ஒன்று ஆல்டன், இல்லையென்றால் அவர்களுடைய இன்னொரு கீழ் டீமில் ஆடிய கிப் வார்னி என்ற பொடியன். வார்னிக்கு முந்நூற்றுப் பதினாறுதான்.

"இந்த செப்டம்பர் கூப்பிடலேன்னா மூட்டைய கட்டிருவேன், பெரிசு," என்பான் ஆல்டன். என்னை அவன் பெரிசு என்றுதான் கூப்பிடுவான். "ஊருக்குப் போயி கோழி வெட்டற ஃபாக்டரியில நிப்பேன். எங்கண்ணன் நிக்கறான்ல? ரெண்டு விரல் போச்சு, இன்னும் எட்டு இருக்குங்கறான்."

சொல்லிவிட்டுச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

எங்கள் ஆட்டத்தில் பேட் பிடிக்கும் வரிசையை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆல்டன் மூன்றாவது, நான் நாலாவது. அவன் ஆடும்போது நான் கொஞ்சம் தள்ளி, பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பேன். பந்து போடுகிறவன் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பான். ஆல்டனுக்குப் பயந்து நாலு பந்தைத் தள்ளிப் போட்டால் அவன் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போய்விடுவான். அடுத்து வருவது நான். நான் ஒரு அடி அடித்தால் ரெண்டு பேரும் சுற்றி வந்துவிடுவோம். அதனால் எனக்குப் பயந்து அவனுக்கே ஒழுங்கான பந்தாகப் போட்டுத் தொலைப்பான். இதற்குக் காவல் என்று பெயர். நான் ஆல்டனுக்குக் காவல். அந்த வருஷம் மே மாதம் வரை அது சத்தியமான பேச்சு. வேலி தாண்டிப் பதினாறு ஹோம் ரன் அடித்திருந்தேன்.

ஜூன் முதல் வாரம் ஒரு பந்து தரையில் பட்டு எகிறி இடது கன்னத்தில் இறங்கியது. வீக்கம் பத்து நாளில் வற்றிவிட்டது. ஆனால் இடது கண்ணின் நடுவில் ஒரு புகை மூட்டம் அப்படியே நின்றுவிட்டது. நான் வலது கைக்காரன். பேட் பிடித்து நின்றால் இடது கண்தான் பந்துக்கு முன்னால் நிற்கும். அது போனால் எல்லாம் போச்சு.

யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டர் கண்ணைச் சோதித்தபோது, சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை வலது கண்ணால் முதலிலேயே மனப்பாடம் பண்ணிவிட்டேன். இடது கண்ணுக்குப் பள்ளிக்கூடத்துப் பாட்டு மாதிரி ஒப்பித்தேன். "கழுகுக் கண்ணு உங்களுக்கு," என்றார் அவர். ஜூலை முழுக்க நான் அடித்தது எதுவும் உருப்படவில்லை. மேனேஜர் பழைய சிநேகிதன். வெயில் காலம், எல்லாருக்கும் வருகிற மந்தம்தான் என்று என்னை நாலாம் இடத்திலேயே விட்டு வைத்திருந்தான்.

ஆல்டனும் நானும் ஒரே அறை. காலையில் எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்து வலது கைப் பக்கமாக வைப்பான். தெருவில் போனால் எப்போதும் என் இடது பக்கமாகத்தான் நடப்பான். அவனுடைய பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவனோடு சண்டை போடுவேன். ஜூனுக்கப்புறம் அவன் குப்பைப் பந்தையெல்லாம் அடிக்க ஆரம்பித்திருந்தான். காலடி மண்ணில் குத்துகிற பந்து, தோளுக்கு மேலே போகிற பந்து, எதையும் விடுவதில்லை. பாதி அவுட்டாகி வீணாகும், பாதி எப்படியோ ஹிட் ஆகிவிடும்.

"டேய், அந்தக் கண்றாவியெல்லாம் ஏன்டா அடிக்கற? சும்மா நின்னா நடந்து போகலாம்ல? நடந்தா கணக்குல சேராது, அடிச்சு அவுட்டானா உன் நம்பர்தானே இறங்கும்?"

"நடக்கறது கெழவனுங்க வேலை, பெரிசு. நீ நட."

"வாய்க்கொழுப்புடா உனக்கு."

"கொழுப்பு வாயில மட்டும்தான் இருக்கு. உனக்கு மாதிரி தொப்பையில இல்ல."

ஆகஸ்ட் கடைசி வாரம் பெரிய டீமிலிருந்து கார்வில் வந்தார். ஆட்டக்காரர்களைப் பார்த்து எடைபோட்டுச் சொல்வது அவர் வேலை. நாலு நாள் வெயிலில் தொப்பியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினார். ஐந்தாம் நாள் காலை ரயில்வே ரோடு ஓட்டலில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"வெர்ன், ஒரு விஷயம் கேக்கணும். உங்களைத்தான் கேக்கணும்," என்றார்.

பதினாலு வருஷத்தில் பெரிய டீம் ஆள் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "இது வார்னி. முந்நூத்திப் பதினாறு. அவனுக்குப் பின்னாடி நிக்கறவன் ஒரு சோதா. அதனால எவனும் வார்னிக்கு நல்ல பந்து போடறதில்லை. தொண்ணூறு தடவை நடந்திருக்கான். கிடைச்ச கொஞ்சநஞ்சத்துல இவ்வளவு அடிச்சிருக்கான். இது ரெடிக். முந்நூத்தி முப்பத்தெட்டு. ஆனா ஜூனுக்கப்புறம் இவன் நடந்தது வெறும் ஆறு தடவை. ஆறே ஆறு! அப்படின்னா எல்லாரும் இவனுக்கு நேரா போடறாங்கன்னு அர்த்தம். ஏன் போடறாங்க? பின்னாடி நீங்க நிக்கறீங்க. உங்க பேருக்கு இன்னும் பயம் இருக்கு."

"இருக்கத்தானே செய்யும்," என்றேன்.

"அதான் கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. இந்த முந்நூத்தி முப்பத்தெட்டுல அவனோடது எவ்வளவு, உங்களோடது எவ்வளவு?"

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஐயா, எனக்கு ஒரு கண் அவுட்டு, மூன்று மாதமாக நான் காவலும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அடுத்த நாளே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அது ஒரு பயம். ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் அது பொய். வயிற்றெரிச்சலும்தான். மேலே போகப் போகிறான், அங்கே விளக்கு, கூட்டம், பேப்பரில் படம் எல்லாம் அவனுக்கு. அவனுக்குப் பின்னால் ஒருத்தன் நின்றான் என்று எவனாவது ஒரு வரி எழுதுவானா? ஒரு ஆளாவது தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. வாயில் சனி உட்கார்ந்துகொண்டது.

பான்கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னேன். "நல்ல பையன்தான். ஆனா நான் பின்னாடி நிக்கலேன்னா அவன் நம்பரே வேற."

கார்வில் நோட்டில் எழுதிக்கொண்டார். என் சாப்பாட்டுக்கும் அவரே கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி பேச்சு முடிந்துவிட்டது. மேனேஜர் ஆல்டனைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். கதவு சாத்தினாலும் பேசுவது வெளியே கேட்கிற அறை அது. நான் என் லாக்கர் முன்னால் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"வார்னிய எடுத்துட்டாங்கப்பா," என்றான் மேனேஜர். "நான் மல்லுக்கு நின்னு பாத்தேன். உன் நம்பர் உன்னோடது இல்லைங்கறாரு கார்வில். யார் சொன்னான்னு கேட்டா, உங்க நாலாவது ஆளே சொல்லிட்டாருங்கறாரு."

அப்புறம் கதவு திறந்தது. ஆல்டன் என்னைத் தாண்டிக்கொண்டு போய்த் தன் லாக்கரில் தொப்பியை மாட்டினான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கூட, திட்டியிருந்தால் கூட, ஒரு அறை விட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். அன்று சாயங்காலம் தெருவில் நடந்தபோது அவன் என் வலது பக்கமாக நடந்தான். இடது பக்கத்திலிருந்து வந்த சைக்கிள்காரன் என் மேலே இடித்துவிட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

மறுநாள் வருஷத்தின் கடைசி ஆட்டம். எங்கள் ஊரிலேயே. பகல் ஆட்டம், நல்ல கூட்டம். என் பெண்டாட்டி லோரெட்டா கூட வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசிச் சுற்றில் ஒரு ரன் பின்னால் இருந்தோம். ரெண்டு பேர் அவுட். எங்கள் ஆள் ஒருவன் ரெண்டாம் பேஸில் நிற்கிறான். ஆல்டன் பேட்டோடு போனான். நான் வழக்கம் போலப் பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் பந்து ஒரு முழம் வெளியே. ஆல்டன் அசையவில்லை. ரெண்டாவது மண்ணில் குத்தியது. மூன்று மாதமாக இந்த மாதிரிப் பந்தைத்தான் தோண்டி எடுத்து அடித்துக்கொண்டிருந்தான். இப்போது பேட்டைத் தோளிலிருந்தே எடுக்கவில்லை. மூன்றாவது, நாலாவது. நாலும் வெளியே. பேட்டைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடந்தான். போய் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கூட்டம் எழுந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தியது. நான் போய் நின்றேன். பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கிற எதிர் டீம் கேட்சர் போஹானன் என் காலடியில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். பல வருஷப் பழக்கம்.

"என்னப்பா, உன் ஆளு இன்னிக்குக் கைகட்டி நின்னுட்டான்?" என்றான். "ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"ஏன், நடந்தா தப்பா?"

"தப்பில்ல. மூணு மாசமா நடக்க வெக்கத்தான் நாங்களும் பாக்கறோம். வருஷம் முடிஞ்சு போச்சு, இனிமே சொன்னா என்ன? உன் எடது கண்ணு போனது ஜூன்லயே எங்களுக்குத் தெரியும். இந்த லீக்ல தெரியாத கேட்சர் கிடையாது. உனக்கு எவன்யா பயந்தான்? ரெடிக்குக்கு ஒரு நல்ல பந்து போடக் கூடாது, அவனை நடக்க விட்டு உன்னை அவுட்டாக்கணும், இதான் எல்லா டீம்லயும் பேச்சு. அந்தப் பய நடந்தாத்தானே! மண்ணுல போட்டாலும் அடிக்கறான், மண்டைக்கு மேல போட்டாலும் அடிக்கறான்."

அம்பயர் பேச்சை நிறுத்தச் சொல்லி உறுமினார். போஹானன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஏன்டா உன் நம்பர நீயே கெடுத்துக்கறேன்னு ஒரு நாள் அவனையே கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? 'நான் நடந்தா பெரிசு வந்து நிக்கணும். இந்தக் கூட்டத்துக்கு முன்னாடி அது அசிங்கப்பட வேணாம்'னான்."

முதல் பந்து வந்தது. புகைக்குள் எங்கோ வெள்ளையாக ஒன்று தெரிந்து மறைந்தது. நான் வீசி முடிக்கும்போது அது போஹானன் கையுறையில் போய் உட்கார்ந்திருந்தது. ரெண்டாவதை வீசினேன், காற்றுதான். கூட்டத்தின் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. லோரெட்டா வாயில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பந்தை நான் பார்க்கவேயில்லை. கையுறையில் அது விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பேட்டைச் சுற்றினேன். மூன்றும் தவறினால் அவுட், ஆட்டம் போச்சு. என் கண் போனது நாலாயிரம் பேருக்கும் அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. யாரோ ஒருத்தன் சிரித்தான். மற்றவர்கள் சத்தமில்லாமல் கிளம்பினார்கள்.

உள்ளே போனபோது ஆல்டன் ஷூவையும் கையுறையையும் ஒரு பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். பேட் மூன்றையும் லாக்கரிலேயே விட்டிருந்தான். சாயங்கால பஸ்ஸுக்குப் போகிறவன் மாதிரி அவசரமாக இருந்தான்.

"ஆல்டன்," என்றேன். முப்பத்தைந்து வயதுத் தடியன், நின்ற இடத்திலேயே அழுதேன்.

பையின் ஜிப்பை இழுத்து மூடினான். தோளில் மாட்டிக்கொண்டு என் எதிரில் வந்தான். என் வலது கண்ணுக்கு நேராக, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றான்.

"நீ கார்வில் கிட்ட சொன்னது நெசந்தான், பெரிசு," என்றான். "நீ பின்னாடி நிக்கலேன்னா என் நம்பரே வேற."