நடந்துபோன பீப்

வாடிக்கையாளர்களோடு போனால், கிளம்பும் இடத்திலேயே ஒவ்வொருவராக என் முன்னால் நடக்கவிட்டு, அவர்கள் மார்பில் கட்டிய பீப் வேலை செய்கிறதா என்று பார்ப்பேன். பனிச்சரிவில் புதைந்தவர் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறார் என்று மற்றவரின் பீப்புக்குச் சத்தம் அனுப்பிக் காட்டிக்கொடுப்பது அந்தச் சின்னப் பெட்டிதான். என் புருஷன் ஸெவரினை மட்டும் நான் சோதித்ததே இல்லை. அவனும் என்னைச் சோதித்ததில்லை. இருபது வருஷமாக ஸெல்ரைன் மலைகளில் வழிகாட்டிகளாக இருக்கிறோம், நமக்கென்ன என்ற கொழுப்பு.

அந்த ஏப்ரல் காலையில் வேலை ஏதும் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் ஏறினோம். கிழக்குச் சரிவை ஒன்பது மணிக்குள் கடந்துவிட வேண்டும். இரவில் இறுகிய பனி வெயில் பட்டால் கஞ்சியாகிவிடும். ஆனால் ஸெவரின் மலைக்குடிலில் இரண்டாவது தட்டு ஷ்மார்ன் அப்பத்துக்குப் பிளம் கூழ் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எந்திரிடா. சூரியன் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்காது."

"பனி என்ன உங்க சித்தப்பன் வீட்டு வெண்ணெயா புர்கி, பார்த்ததும் உருக?"

சரிவுக்கு வந்தபோது மணி பத்தேகால். கைக்குச்சியை லேசாக அழுத்தினேன், பாதிக்கு மேல் இறங்கியது. திரும்பியிருக்க வேண்டும்.

"நான் முன்னாடி போறேன். நீ பாறைகிட்ட நின்னு பாரு," என்றான். ஒவ்வொருவராகக் கடப்பதுதான் முறை. அந்த ஒன்றையாவது கடைப்பிடித்தோம்.

பாதி தாண்டியிருப்பான். அவனுக்கு மேலே பனி மெதுவாக மடிந்தது, பிறகு மொத்தச் சரிவும் நகர்ந்தது. அது நின்றபோது அவனைக் காணவில்லை.

பதினைந்து நிமிஷம். அதற்குமேல் மூச்சு தாங்குவது அபூர்வம்.

என் பீப்பைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு ஓடினேன். திரையில் முப்பத்தெட்டு மீட்டர். முப்பது. இருபத்திரண்டு. மூச்சு வாங்க நின்றேன். இருபத்தாறு. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். இருபத்தொன்பது.

புதைந்தவன் நடக்க மாட்டான்.

"யாரு அங்கே?" என்று கத்தினேன். கண் கூசும் வெயிலில் ஒருவரும் இல்லை, தடமும் இல்லை. அம்புக்குறி கீழே மரங்களின் பக்கம் காட்டியது. பின்னாலேயே போனேன். பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"நாசமாப் போறவனே, என் நிமிஷத்தைத் தின்னாதே!"

எட்டு நிமிஷம் போய்விட்டது. திட்டினேன், அழுதேன், ஆனாலும் நடந்தேன். பீப்பில் வேறு சத்தமே இல்லையே. இரண்டு ஊசியிலை மரங்களுக்கு நடுவே எண் ஒன்றுக்கு வந்து அசையாமல் நின்றது.

நீளக் கம்பியைக் குத்தினேன். மூன்றாவது குத்தில் மெத்தென்று பட்டது. சிமெண்டாக இறுகியிருந்த பனியை வெட்டித் தள்ளினேன். முதலில் கையுறை தெரிந்தது, பிறகு ஸெவரினின் முகம். வாயில் அடைத்திருந்த பனியைத் தோண்டி எடுத்ததும் இருமினான். அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

"இனிமே... ஷ்மார்ன் வேணாம்," என்றான்.

"மூடுடா வாயை," என்று அவன் நெற்றியில் முத்தமிட்டேன்.

அவன் பீப்பை அணைக்கலாம் என்று சட்டையைத் திறந்தேன். அது ஏற்கெனவே அணைந்துதான் கிடந்தது. காலையில் அவன் அதைப் போடவே இல்லை.

"அப்ப எதைக் கேட்டு வந்தே?" என்றான்.

என் கையிலிருந்த பீப்பில் எண் இன்னும் ஒன்றுதான். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றரை ஆனது. மூன்று. ஏழு. மேலே, இன்னும் சரியாத மிச்சப் பனியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பதினைந்தில் நின்றது. எனக்காகத்தான் நிற்கிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

சத்தம் கேட்டால் அங்கே ஆள் உண்டு, தோண்டாமல் போகக் கூடாது. நூறு பேருக்காவது இதைச் சொல்லிக்கொடுத்திருப்பேன். ஆனால் மிச்சப் பனியின் குறுக்கே நீளமாக விரிசல் ஓடியிருந்தது. ஸெவரினால் காலை ஊன்றவும் முடியவில்லை.

"போயிடலாம் புர்கி."

"அது நிக்குதுடா."

"தெரியுது. போயிடலாம்."

பொத்தானை அழுத்தினேன். எண் மறைந்தது. அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். என் புருஷனிடம் என்னைக் கூட்டிப்போனவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.