நின்ற இடங்கள் மட்டும்

நண்பன் சனூப்பை எரித்துவிட்டு வந்த அன்று ஜோபிஷ் ஒரு வாக்குக் கொடுத்தான். யாரும் கேட்காமலே கொடுத்த வாக்கு. முற்றத்தில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயின் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்த சனூப்பின் அம்மா ரெமணியின் முன்னால் போய்க் குந்தி, "அம்மே, அவன் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் காமராவுல இருக்கு. ஊரே பாக்கும்," என்றான்.

மகனைப் பறிகொடுத்தவள் தலையை மட்டும் அசைத்தாள். அவன் சொன்னது பக்கத்தில் நின்றவர்கள் காதிலும் விழுந்தது. மறுநாளே முண்டக்கயம் சந்தை வரைக்கும் பரவிவிட்டது, அந்தப் பையனிடம் காமரா இருக்கிறதாம் என்று.

அதுவரை அந்த பைக் விபத்தைப் பற்றி ஊர் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தது. ரெமணியின் அடுத்த வீட்டுக்காரர் பங்கஜாக்ஷன், சாயாக்கடை பெஞ்சில் காலை ஆட்டியபடி, "வீடியோ புடிக்கிற பார்ட்டிடா. ஆள் பாக்கணும்னா பறந்துதானே ஆகணும்? வளைவுல பறந்திருப்பான்," என்று சொன்னதைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

பறக்கவில்லை. ஜோபிஷ் பின்னாலேயே வந்தான், அவனுக்குத் தெரியும். குட்டிக்கானத்திலிருந்து இறங்கும் சாலை வளைவில், மழை விட்ட ஈரத்தில், சனூப் தன் பழைய சிவப்பு வண்டியை இடது ஓரமாகவே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். எதிரே ஏறிவந்த எஸ்டேட் ஜீப் ஒன்று, முன்னால் போன லாரியைத் தாண்ட வலது பக்கம் வந்தது. அவ்வளவுதான். ஜோபிஷ் கண்ணால் பார்த்தது மொத்தமும் ஒரு தும்மல் நேரத்துக்குள் அடங்கிவிடும்.

ஜீப்பை ஓட்டிய வர்க்கிச்சன் ஓடிப்போகவில்லை. அவர்தான் சனூப்பைத் தூக்கித் தன் ஜீப்பிலேயே போட்டு, வழி முழுக்க "என்ட மாதாவே, என்ட மாதாவே" என்று அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். சட்டையெல்லாம் ரத்தம். ஆனால் சனூப்பின் மூச்சு நின்ற பிறகு, யாரோ அவரைத் தனியே கூட்டிப்போய்ப் பேசிய பிறகு, போலீஸிடம் அவர் சொன்னது வேறு: பைக்தான் நடுக்கோட்டைத் தாண்டி வந்தது. ஜீப்பில் இருந்த இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். பயம் நல்ல மனிதனையும் அப்படிப் பேச வைத்துவிடுகிறது.

அதனால்தான் காமரா.

ஜோபிஷுக்கு முண்டக்கயத்தில் போன் ரிப்பேர் கடையில் வேலை. சனூப் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பைக்கில் ஹைரேஞ்ச் மலை ஏறுவார்கள். ஜோபிஷின் ஹெல்மெட் தாடையில் தீப்பெட்டி அளவு காமரா ஒட்டியிருக்கும். எடுத்ததை வெட்டி ஒட்டி யூடியூபில் போடுவான். மூவாயிரத்துச் சொச்சம் பேர் பார்க்கிறார்கள். சனூப் எப்போதும் முன்னால் போவான். பச்சைத் தேயிலைக்கு நடுவே அந்தச் சிவப்பு வண்டி அழகாக விழும் என்பதால் ஜோபிஷ் வைத்த ஏற்பாடு அது.

"மூவாயிரம் பேருக்கும் என் முதுகுதான்டா தெரியும். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனா, திரும்பி நின்னு முதுகைக் காட்டினாத்தான் நான் யாருன்னு தெரியும்," என்பான் சனூப்.

வாக்குக் கொடுத்தானே தவிர, ஜோபிஷ் ஒன்பது நாள் அந்தக் காமராவைத் தொடவில்லை. தொட்டால் அந்த வளைவு திரும்ப வரும். அட்டைப்பெட்டியில் போட்டு, அலமாரியில் பைபிளுக்குப் பின்னால் வைத்துவிட்டான். இரவு ஜெபம் சொல்லும்போது மட்டும் கண் அந்தப் பக்கம் போகும்.

பத்தாம் நாள் ஸ்டேஷனில் எஸ்.ஐ. மேடத்தின் மேஜை மேல் பெட்டியை வைத்தான். மேடம் நாற்பது வயதுக்காரி. அவனுக்குப் பால் இல்லாத கட்டன்சாயா வரவழைத்துக் கொடுத்தாள். சுவரோரப் பெஞ்சில் வர்க்கிச்சன் இருந்தார். பத்து நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பெட்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டார்.

கார்டைக் கணினியில் செருகினார்கள். பதினோரு வீடியோக்கள். மேடம் கடைசி ஒன்றைத் திறந்தாள்.

ஒரு சாயாக்கடை. மேஜை. அதன் மேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். சனூப் பரிப்புவடையைப் பிட்டுக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு நிமிடம். முடிவில் ஹெல்மெட் தூக்கப்படுகிறது, ஒரு கையுறை முன்னால் வருகிறது, படம் நின்றுவிடுகிறது.

"இதுக்கு அப்புறம்?"

"இருக்கும் மேடம். இருக்கணும். அங்கிருந்து கிளம்பிப் பத்து நிமிஷத்துலதான்..."

இல்லை. அதற்கு முந்தியதைத் திறந்தார்கள். பெட்ரோல் பங்க். அதற்கும் முந்தியது, ஒரு மரத்தடி, சனூப் மழைச்சட்டையை உதறுகிறான். நின்ற இடமெல்லாம் இருந்தது. ஓடிய இடம் ஒன்றுகூட இல்லை.

ஜோபிஷுக்குப் புரிந்துவிட்டது.  காமரா ஓடும்போது ஒரு சிவப்புப் பொட்டு மின்னும். அது ஹெல்மெட் கண்ணாடியில் பட்டுத் தொந்தரவு செய்கிறது என்று அவனேதான் அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தான். பீப் சத்தம் படத்தில் விழுகிறது என்று அதையும் நிறுத்தியிருந்தான். ஆக, கணக்கு மனதில்தான். ஒரு அழுத்து, ஓடும். இன்னொரு அழுத்து, நிற்கும். அன்று காலையில் எங்கோ ஒரு அழுத்து தவறியிருக்கிறது. அதன் பிறகு நாள் முழுக்க, அவன் ஓடவிட்டதாய் நினைத்தபோதெல்லாம் அது நின்றது. நிறுத்தியதாய் நினைத்தபோதெல்லாம் ஓடியது. ஹெல்மெட்டில் காமரா மாட்டுகிறவர்கள் ஆளுக்கொரு தடவையாவது இந்தத் தப்பைச் செய்து சிரித்திருப்பார்கள்.

"மேடம், நான் பாத்தேன். சத்தியமா ஜீப்தான் இந்தப் பக்கம் வந்தது. அந்த வடை தின்ன எடத்துல அவன் சொல்றான் பாருங்க, ரோடு வழுக்குது, மெதுவா போவோம்னு..."

"கேட்டேன் மோனே." அவள் குரல் தணிந்திருந்தது. "நீ சொன்னதை எழுதிக்கறேன். ஆனா நீ அவன் கூட்டுக்காரன். அந்தப் பக்கம் மூணு பேர். மெதுவா போவோம்னு சொன்னது, மெதுவா போனதுக்குச் சாட்சி ஆகாது."

ஜோபிஷ் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தான். "சேட்டா, நீங்களாவது சொல்லுங்க. அவனைத் தூக்கினது நீங்கதானே?"

வர்க்கிச்சனின் உதடு துடித்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்றுகூடத் தோன்றியது. பிறகு குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை.

அதன் பிறகு நாலு நாள் ஜோபிஷ் ரெமணியின் வீட்டுப் பக்கம் போகவில்லை. அந்த வழியாகத்தான் கடைக்குப் போக வேண்டும், சுற்றிப் போனான். கடவுளிடம்கூட என்ன கேட்பது என்று தெரியவில்லை. நின்றுபோன காமராவை ஓடியதாக ஆக்கிக்கொடு என்றா கேட்க முடியும்? பதினைந்தாம் நாள் மத்தியானம், மறுநாள் பதினாறாம் நாள் சடங்குக்குள்ளாவது சொல்லிவிட வேண்டும் என்று, மேடம் நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்த பெட்டியையும் பழைய லாப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மழை இருட்டிக்கொண்டு வந்தது.

வேலியோரம் பங்கஜாக்ஷன் வாழையிலை அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, உன் படம் எப்ப ரிலீஸு? ஊரே காத்துக்கிட்டிருக்கு."

ஜோபிஷ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலியைத் தாண்டி நடந்தான். 

ரெமணி அடுக்களையில் இருந்தாள். அவனைப் பார்த்ததும், "எங்கடா போயிட்டே இத்தனை நாளா? சாப்பிட்டியா?" என்றாள். அந்தக் கேள்விதான் அவனை உடைத்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். அழுத்தியது, தவறியது, மேடம் சொன்னது, வர்க்கிச்சன் குனிந்தது.

"நான் வாக்குக் கொடுத்துட்டேன் அம்மே. என்னால ஒண்ணும் பண்ண முடியல."

 ஓட்டின் மேல் முதல் துளிகள் விழுந்தன.

"அப்போ அதுல ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமில்ல அம்மே. நாங்க நின்ன எடம் மட்டும்தான். சாயா குடிச்சது, வடை தின்னது..."

"அவன் இருக்கானா?"

"இருக்கான்."

"மூஞ்சி தெரியுதா?"

ஜோபிஷ் நிமிர்ந்து பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து சனூப் வந்தபோது முகம் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. பிரிக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இவள் கடைசியாக மகன் முகத்தைப் பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அதுவும் அடுப்படியிலிருந்து பாதி திரும்பி.

லாப்டாப்பை நாற்காலி மேல் வைத்தான். ரெமணி ஈரக் கையை முண்டில் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

ஸ்டேஷனில் வளைவைத் தேடும் அவசரத்தில் முதல் வீடியோவை யாரும் திறக்கவேயில்லை. இப்போது அதிலிருந்தே தொடங்கினான்.

திரை முழுக்கச் சனூப். மலையடிவாரத்தில் கீவர்கீஸ் புண்ணியாளனின் குருசடி, சாலையோரச் சின்னச் சிலுவைக் கோயில். ஏறும் முன் அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றாமல் ஜோபிஷ் போகமாட்டான். ஹெல்மெட் வண்டியின் டாங்க் மேல் இருக்கிறது. குருசடி ஸ்பீக்கரில் பாட்டு அலறுகிறது. சனூப்பின் கட்டைவிரல் காமரா பொத்தானிலிருந்து விலகுகிறது. அவன் திரும்பிக் கத்துகிறான்: "டேய் ஜோபிஷே, காமரா நான் போட்டுட்டேன். நீ மெதுவா ஏத்திட்டு வா. எனக்கும் சேத்து ஒண்ணு ஏத்து!"

தூரத்தில், மெழுகுவத்திக்கு முன் குனிந்து நிற்கிற ஜோபிஷுக்கு அந்தப் பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நிமிர்ந்து வருகிறான். ஹெல்மெட்டை எடுக்கிறான். பொத்தானை அழுத்துகிறான். படம் முடிந்தது.

ஜோபிஷின் கை அப்படியே நின்றுவிட்டது. தவறிய அழுத்து அதுதான். ஜோபிஷுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று சனூப் அழுத்தியது.

"என்ன மோனே? ஏன் நிறுத்திட்டே?"

"ஒண்ணுமில்ல அம்மே. இங்கதான் நான் தப்பா அழுத்திட்டேன். என் கைதான்."

இதை அவன் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லப்போவதில்லை. பொய்தான். ஆனால் மகன் அழுத்தியதால்தான் சாட்சி போனது என்ற பாரத்தையும் அவள் தலையில் ஏற்றிவைக்கக் கடவுள் சொல்லமாட்டார் என்று அவனுக்குத் தோன்றியது.

அடுத்தது. சாப்பாட்டுக்கடை. சனூப் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்கிறான். பரிமாறும் பெண்ணிடம், "சேச்சி, இந்தக் கறி எங்கம்மை வைக்கிறது மாதிரியே இருக்கு," என்கிறான். அவள் சிரித்து இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனதும், குரலைத் தாழ்த்தி, "அம்மை கறியில உப்பு இருக்கும். இதுல அதுவும் இல்ல," என்கிறான். ரெமணியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று ஜோபிஷுக்குத் தெரியவில்லை.

மரத்தடி. ஸ்டேஷனில் தொடக்கத்தை மட்டும் பார்த்து மூடிய வீடியோ. ஜோபிஷ் எங்கோ போயிருக்கிறான். சனூப் மட்டும். ஜோபிஷின் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்து, சேறு தெறித்த கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைக்கிறான். பொறுமையாக, வட்டம் வட்டமாக. ஜோபிஷ் இதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பயணம் முழுக்கத் தன் கண்ணாடி ஏன் எப்போதும் சுத்தமாக இருந்தது என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. பிறகு சனூப் காமராவின் கண்ணுக்கு நேரே வாயை வைத்து ஊதுகிறான். திரை வெண்மையாகப் பனிக்கிறது. ஒரு விரல் அதைத் துடைக்கிறது. பனி விலக, திரை நிறைய அவன் முகம். புருவத்து மழைத்துளி, மூக்கோரத்துப் பழைய தழும்பு, எல்லாம். உள்ளே எட்டிப் பார்க்கிறவன் போலக் கண்ணைச் சுருக்குகிறான். திருப்தியாகிவிட்டது. சிரிக்கிறான்.

ரெமணி திரையைத் தொட்டாள்.

"திரும்பப் போடு."

போட்டான். மழை இப்போது ஓட்டைப் பிளந்துகொண்டு கொட்டியது. நாலாவது தடவை பனி விலகும்போது விளக்கு அணைந்தது. மழை வந்தால் இந்தப் பக்கத்தில் கரண்ட் நிற்காது. ஜோபிஷின் லாப்டாப்போ பாட்டரி செத்த பழசு. கரண்ட் போனதோடு அதுவும் போய்விட்டது.

கறுத்த திரைக்கு முன்னால் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். விரல் இன்னும் அதன் மேல்தான் இருந்தது.

"அம்மே..."

"அந்த ஜீப்காரன்," என்றாள் மெல்ல. "அவனுக்கும் வீட்ல பிள்ளைங்க உண்டா?"

"தெரியல அம்மே."

"இருக்கும்."  மன்னித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை; ஒருவேளை அவளுக்கே தெரிந்திருக்காது. எழுந்து, சட்டியிலிருந்து கஞ்சியை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். "குடி. மழை விட்டதும் போகலாம். நாளைக்கு வரும்போது அதை என் போன்ல ஏத்திக் கொண்டுவருவியா? மூஞ்சி வர்றது மட்டும் போதும்."

ஊர் நாளையும் அதையேதான் பேசும். வேலியோரம் பங்கஜாக்ஷன் கேட்பார். சடங்குக்கு வருகிறவர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பையன் பறந்திருப்பான் என்பார்கள். அதை மாற்ற ஜோபிஷிடம் எதுவும் இல்லை.

"கொண்டுவரேன் அம்மே," என்றான்.

அவளுடைய போனை வாங்கி, மழை படாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். கார்டை லாப்டாப்பிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டு மூடி, இருக்கிறதா என்று திறந்து பார்த்தான். மூடினான். கஞ்சி குடித்து முடிப்பதற்குள் இன்னும் இரண்டு தடவை திறந்து பார்த்தான்.