தெல்தெனியக் கரியின் வயது

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, கண்டி பஸ் நிலையத்தில் யாரோ என் கையில் திணித்த துண்டுப்பிரசுரத்திலிருந்து வந்தது. உலகத்துக்கு வயது ஆறாயிரம், கரியை வைத்து அதற்கு மேல் சொல்லும் விஞ்ஞானம் பொய் என்றது அது. குண்டசாலை போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை படித்தேன். அன்று பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்திருந்தது.

முதல் தொடக்கம்: ‘விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மேல் நிலவு...’ (வேண்டாம். நிலவுக்கு இதில் வேலையில்லை.)

2.
செல்லப்பா தொல்பொருள் அலுவலகமொன்றில் கிளார்க். குண்டசாலை பாஸ்டர் சண்முகநாதனின் மகள் இராஜகுமாரியைப் பெண் கேட்டுப் போனான். பாஸ்டர் தேத்தண்ணி கொடுத்தார். கூடவே ஒரு கரித்துண்டும். தெல்தெனியவில் நீர்த்தேக்கம் வற்றியபோது சேற்றில் கிடைத்ததாம்.* அதை வெளிநாட்டுக்கு அனுப்பி வயது பார்க்க வேண்டும். ஆறாயிரத்துக்குள் வந்தால் கல்யாணம். மேலே போனால் இந்தப் பக்கமே வரக்கூடாது. பதில் வரும்வரை ஞாயிறு ஆராதனைக்கு வரலாம்.

(மேலே போனாலும் பாஸ்டர் அசையமாட்டார். பிரளயத்துக்கு முன் காற்றே வேறு, அதனால் கரிக் கணக்கு பிழை என்று பதில் தயாராக வைத்திருந்தார். அப்படியானால் பரிசோதனை எதற்கு? பெண் கேட்க வந்தவன் கேட்கிற கேள்வியா அது?)

* மூழ்கிப்போன பழைய ஊரின் பேக்கரி அடுப்புக் கரியாகவும் இருக்கலாம்.

3.
கரியை இராஜகுமாரிதான், அப்பா ஊருக்கெல்லாம் கொடுக்கும் அந்தத் துண்டுப்பிரசுரத்திலேயே மடித்துக் கொடுத்தாள். காகிதம் ஒட்டினால் கரியின் வயது குறைந்து தெரியலாம் என்று செல்லப்பாவுக்குத் தெரியும். ஆனால் அவள் மடித்த மடிப்பு. பிரிக்க மனம் வரவில்லை, அப்படியே அனுப்பினான். இதைக் காதல் என்பதா, மோசடி என்ப...

4.
ஏழாம் மாதம் பதில் வந்தது. செல்லப்பா உறையைத் திறக்கவில்லை, சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டான். திறந்தால் இரண்டில் ஒன்று. திறக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. கடைசி வரிசையிலிருந்து அவள் பின்கழுத்து தெரியும். அடுத்த ஞாயிறு வரைக்கும் அதை வைத்து ஓட்டுவான்.

“வந்துருச்சா தம்பி?”

“இன்னும் இல்லைங்க பாஸ்டர்.”

இப்படியே நாலு வருஷம். உறையைக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரர் சின்னமுத்து ஒவ்வொரு ஞாயிறும் முன்வரிசையில்தான் இருந்தார். பாஸ்டர் அவரிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

5.
ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், இராஜகுமாரி வந்து செல்லப்பாவின் சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தாள். பாஸ்டர் வாசலில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் உலகத்தோட வயசப் பார்த்துக்கிட்டே இருங்க,” என்றாள். “எனக்கு முப்பத்திரண்டு. அதுக்குக் கரி வேணாம்.”

கொண்டை ஊசியை உருவி, உறையின் ஓரத்தில் சொருகினாள்.

6.
இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கல்யாணம். மற்றதில் செல்லப்பா பாஸ்டர் வீட்டுக் கேட்டைப் பஸ் ஜன்னல் வழியே பார்த்தபடி கடந்து போகிறான். இரண்டிலும் கரியின் வயதை நான்தான் போட வேண்டியிருக்கிறது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கை வரவில்லை.

ஊசி பாதி போயிருக்கிறது. மீதியை நீங்கள் தள்ளுங்கள்.