பலகையில் எங்கள் வீட்டுப் பெயர்

ரோப்கார் நிலையத்து வாசலில், மலையில் எங்கே பனி சரிந்தது என்று வழிகாட்டிகள் எழுதிவைக்கும் பலகையில் எங்கள் வீட்டுப் பெயரைப் பார்த்ததும் துடைக்கத் துணி தேடினேன். நாலைந்து வழிகாட்டிகள் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு அதையே வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வழிவிட்டு, தலை தாழ்த்தினார்கள். துடைக்க முடியவில்லை.

‘கரடிப் பள்ளம், முகட்டுக்குக் கீழே. பனிச்சரிவை உடைத்தது நான். யாருக்கும் காயமில்லை. சவதாரி வீடு, நாகிசா.’

நாகிசா என் மருமகள். துறைமுக ஊர்க்காரி. என் மகனுக்கு முழங்கால் போனபின் அவன் எங்கள் விடுதியின் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறான். விருந்தினரை மலைக்கு அழைத்துப்போவது அவள். முந்தைய நாள் அவர்களை மரங்களுக்கடியில் நிறுத்திவிட்டு, முதலில் தான் மட்டும் சரிவில் இறங்கியிருக்கிறாள். அடியில் சர்க்கரை போல உதிரும் பழைய பனி, மேலே காற்று கொண்டுவந்து குவித்த கெட்டியான பனி. மேல் அடுக்கு அப்படியே விண்டு அவளை இழுத்துப்போனது. இடுப்பு வரை புதைந்து, ஒரு பிர்ச் மரத்தைப் பிடித்து நின்றிருக்கிறாள். விருந்தினரே தோண்டி எடுத்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டாரால் மலையில் தொல்லை வந்து ஊர் தேடப் போனால், அந்த வீட்டுப் பெரியவர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, பயறு இனிப்புப் பெட்டியோடு வீடு வீடாகப் போய்த் தலை வணங்க வேண்டும். என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீடு அந்தப் பெட்டியை வாங்கிய வீடு. கொடுத்த வீடு அல்ல.

நான் கோட்டை எடுத்தபோது நாகிசா அடுப்பருகே ஈரப் பூட்ஸைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மரம் உரசிய சிவப்புக் கோடு.

“யாரும் தேடிக்கூட வரலையே மாமா. எதுக்கு மன்னிப்பு?”

“பேர எழுதாம இருந்திருக்கலாம்.”

“பேரில்லாம எழுதுனா யாரோ எதையோ பாத்திருக்கான்னு சொல்லிட்டு அங்கயே போவாங்க.”

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எல்லா வீட்டிலும் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள், தரையைப் பார்த்தபடி. கடைசியாக நெசு வீடு. ஊரின் இன்னொரு பழைய வழிகாட்டி வீடு. அந்த வீட்டுப் பெரியவன் கம்பேய் என் வயதுக்காரன். பள்ளி நாளிலிருந்து என்னைச் சீண்டாமல் விட்டதில்லை.

“வாய்யா சவதாரி. கறுப்புக் கோட்டு, வெளுத்த மூஞ்சி. யாரு செத்தா?”

“யாரும் சாகல. எங்க வீட்டுப் பொண்ணு செஞ்ச காரியத்துக்காக வந்திருக்கேன்.”

இரண்டு கையாலும் பெட்டியை நகர்த்தினேன். அவன் தொடவில்லை. கணப்பைக் கிளறினான், எரிந்துகொண்டிருந்ததையே மறுபடி கிளறினான்.

“எடுத்துட்டுப் போயிரு.”

“எங்க வீட்டுப் பெட்டி உனக்கு ஆகாதோ?”

“அது இல்லய்யா. போன வாரம் எங்க வீட்டுப் பையன் ஷோஹேயும் அங்கதான் உடைச்சான். அதே முகடு, கொஞ்சம் கிழக்கால. எழுதறேன்னான். நான்தான் வேணாம்னேன்.”

தினமும் காலையில் நாகிசா அந்தப் பலகை முன் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் அடியில் கையுறை விரலை ஓட்டி வாசிப்பாள். அவள் அங்கே போன அன்றும் கரடிப் பள்ளத்துக்கு நேரே ஒன்றும் இருந்திருக்காது.

“ஏன் வேணாம்ன?” என்றேன்.

“ஏன்னு நீயா கேக்குற?” என்றான் கம்பேய்.

அவன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். அது அவனுக்கும் தெரியும். பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அவன் வீடு. நாளைக் காலைவரை அவன் வாய் திறக்காவிட்டால் நானே சொல்வதென்று இருந்தேன். சொன்னால் நெசு வீடு இந்த ஊரில் தலை நிமிர முடியாது. இரவெல்லாம் அது எனக்குச் சந்தோஷமாக இல்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

காலையில் அவளும் விருந்தினரும் கிளம்புமுன் கம்பேய் வந்தான். கறுப்புக் கோட்டு. அதே கடைப் பெட்டி, அதே காகிதம். வழக்கப்படி அதை வீட்டுப் பெரியவர் முன் வைக்க வேண்டும். அவன் என்னைத் தாண்டிப்போய் நாகிசாவின் முன் வைத்து, நெற்றி பாயில் படக் குனிந்து, நடந்ததைச் சொன்னான்.

அவள் கழுத்துக் காயத்தைத் தொட்டுக்கொண்டாள். அவன் குனிந்தே இருந்தான். அவள் எழுந்து உள்ளே போனாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். மலை வரைபடத்தோடு வந்து, அவன் தலைக்கு முன்னால் விரித்தாள்.

“நிமிருங்க பெரியப்பா. எங்கேருந்து உடைஞ்சுது? எது வரைக்கும் போச்சு?”

கம்பேய் கண்ணாடியைத் தேடினான். கோட்டுப் பையில் இல்லை. என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன்.

வரைபடத்தின் ஓரம் சுருண்டு சுருண்டு எழுந்தது. இனிப்புப் பெட்டியை எடுத்து அதன்மேல் வைத்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்குக் கோடுகள் தெரியவில்லை. அவனுடைய தடித்த விரல் மட்டும் முகட்டின் மேல் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.