ஏலம் போகாத டின்

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூங்கனி பொரித்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தை யாரும் கேட்பதில்லை. காலனியிலிருந்து அந்தச் சபைக்கு வருவது அவள் குடும்பம் மட்டும்தான். காணிக்கையாக வந்த வாழைக்குலைக்கும் சேவலுக்கும் போட்டி போட்டு ஏலம் கேட்கிறவர்கள், அவள் டின் மேசைக்கு வந்ததும் வேட்டியைச் சரிசெய்வார்கள். போனை எடுத்துப் பார்ப்பார்கள். காலனிக்காரி கைபட்டது என்பதாலா என்று போன வருஷம் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"நம்ம சபையிலயா?" செயலாளர் ஞானசிங் சிரித்தார். "இங்க எல்லாரும் ஒண்ணுதான். இப்பிடி நெனச்சா ஒனக்குத்தான் சமாதானம் கெட்டுப்போவும், கேட்டியா? ஜெபம் பண்ணு."

ஆளாளுக்கு இதையே சொல்ல, பூங்கனிக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பாகு முறுகிப்போயிருக்குமோ? சுக்கு கூடிவிட்டதோ? தன் கையைத் தானே நம்பாமல் அடுப்படியில் நிற்பது என்ன பிழைப்பு! இந்த வருஷம் இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

காலனிக்கு அடுத்த தெரு பெமிலா டீச்சர் நல்ல பிள்ளைதான். அவளும், "ஒனக்குச் சும்மா தோணுதது அக்கா" என்கிற கட்சிதான். அதனால் அவளிடமே போனாள்.

"நீயும் முந்திரிக்கொத்துதானே கொண்டு வருவ? நான் பொரிச்சதை ஒனக்க டின்ல போடுவோம், நீ பொரிச்சதை எனக்க டின்ல போடுவோம். ஏலத்துல என்ன நடக்குன்னு பாப்போம்."

"செரி, அப்பமாவது ஒனக்கு நம்பிக்கை வரட்டு" என்று பெமிலா சிரித்தாள்.

பண்டிகையன்று பந்தலில் பூங்கனியின் கண் பெமிலாவை விட்டு அகலவில்லை. யாரிடமாவது சொல்லியிருப்பாளோ? பக்கத்து நாற்காலி லீலாபாயிடம் என்ன குசுகுசுப்பு? ஞானசிங் ஏன் இந்தப் பக்கமே பார்க்கிறார்?

பெமிலாவின் பெயரைச் சொன்னதும் ஏலம் சூடுபிடித்தது. யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஞானசிங்கே எடுத்தார். உட்கார்ந்த இடத்திலேயே டின்னைத் திறந்து ஒன்றைக் கடித்து, "டீச்சருக்க கைப்பக்குவம் தனிதான்" என்றார்.

அடுத்தது பூங்கனியின் டின். ஏலம் விடுகிறவர் இழுத்து இழுத்துக் கூவிப் பார்த்தார். வேட்டிகள் சரிசெய்யப்பட்டன. அவர் டின்னை மேசைக்கு அடியில் வைத்துவிட்டுச் சேவலைத் தூக்கினார். பெமிலாவின் முகத்தில் ஈயாடவில்லை.

பூங்கனி எழுந்து நேரே ஞானசிங்கிடம் போனாள்.

"சார், நீங்க திங்கது நான் பொரிச்சது. மேசைக்கு அடியில கெடக்கதுதான் டீச்சர் பொரிச்சது."

அவர் ஒரு நொடி திகைத்தார். பிறகு பந்தலுக்கே கேட்கும்படி சிரித்தார். "பாத்தியா! நீ செஞ்சதை நான் தின்னுட்டேம்லா? இனியாவது அந்தப் பேச்சை விடு பூங்கனி."

சொன்னாரே தவிர, கையிலிருந்த மீதிப் பாதி வாய்க்குப் போகவில்லை. பேசிக்கொண்டே அதை டின்னுக்குள் போட்டு மூடினார். டின்னைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். பூங்கனியும் பார்த்தாள், பெமிலாவும் பார்த்தாள்.

"அவருக்கு சுகர் உண்டும்லா அக்கா" என்றாள் பெமிலா, மெதுவாக.

பூங்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தன்மேல் இருந்த சந்தேகம் சுத்தமாகப் போயிருந்தது. குனிந்து, மேசைக்கு அடியில் கிடந்த டின்னை எடுத்துப் பெமிலாவின் கையில் வைத்தாள்.

"இந்தா மக்கா. இந்த வருஷம் நீ இதை வீட்டுக்குச் சுமந்துட்டுப் போ."