வாயில் ஒரு டொபி

என் கணவர் சிவபாதசுந்தரத்துக்கு உலகத்தில் யாரோடும் பகை கிடையாது. உலகத்துக்குத்தான் அவரோடு பகை. காரணம் இங்கிலீஷ். யார் பேசினாலும் எழுதினாலும் பிழை பிடிப்பார். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் யாராவது 'அபௌட்' சேர்த்துவிட்டால் போதும், அவருக்குப் பல் கூசும்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுக்குக் கல்யாண அட்டை வருவது நின்றுபோனதும் இதனால்தான். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் கனகசபாபதி தன் மூத்த மகளின் இங்கிலீஷ் கல்யாண அட்டையைக் கொண்டுவந்து தந்தார். இந்த மனிதர் அதைச் சிவப்புப் பேனையால் திருத்தி, கல்யாண வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "இளையவளின்ரை அட்டைக்கு உதவும்" என்று சொல்லிவிட்டும் வந்தாராம். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"சோத்துக்குள்ளை கல்லுக் கடிபட்டாத் துப்ப மாட்டியே, பாக்கியம்?" என்று என்னைக் கேட்டார்.

துப்பலாம். அதற்காகச் சமைத்தவளின் முகத்திலா துப்புவது?

அவர் ஒரு காலத்தில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். சிங்களப் பரீட்சை எழுதினால்தான் பதவி உயர்வு என்று வந்தபோது, எழுத மாட்டேன் என்று வேலையை விட்டார். பிறகு ஓய்வு பெறும்வரை கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் இங்கிலீஷ்தான் எங்களுக்குச் சோறு போட்டது. இத்தனை காலம் கொழும்பில் இருந்தும் அவருடைய சிங்களம் மீன் வாங்குகிற அளவைத் தாண்டவில்லை. அந்த மீனையும் நான் பக்கத்தில் நின்றுதான் வாங்க வேண்டும்.

தொண்ணூற்றேழில் அவருடைய தங்கை மகள் சிவமணி, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறித் திருகோணமலை வந்து, அங்கிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தாள். கணக்கியல் படிக்க வந்த பிள்ளை. சண்டைக் காலம்; வடக்கிலிருந்து வருகிற தமிழரைப் பதிய வேண்டும் என்பதால் வந்த அன்றே பொலிசில் பதிந்துவிட்டோம். பதிந்து என்ன பயன்? ஒரு நாள் காலையில் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர்களில், அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி இருந்த எல்லோரையும், சிவமணியையும் சேர்த்து, பொலிஸார் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் வீட்டுக்காரர் போய், இது என் வீட்டுப் பிள்ளை, நான் பொறுப்பு என்று சொல்லிக் கூட்டிவர வேண்டும். இருட்டுவதற்குள் ஆள் போகாவிட்டால் வேறெங்கோ கொண்டுபோய்விடுவார்கள். எங்கே என்று கேட்டால் பதில் வராது.

பொலிசுக்குத் திரீவீலரில் போகும்போதே அவருக்குச் சொன்னேன். "இஞ்சருங்கோ, கதைக்கிறது நான். எனக்குச் சிங்களம் தெரியும். நீங்கள் வீட்டுக்காரரா வந்து கதிரையிலை இருந்தாக் காணும். அவன் என்ன இங்கிலீஷ் கதைச்சாலும் வாயைத் திறக்கப்படாது. தங்கச்சிக்கு என்ன பதில் சொல்லுறது எண்டு யோசியுங்கோ."

"நான் ஏன் வாயைத் திறக்கிறன்?" என்றார்.

நம்பலாமா? கைப்பையில் இருந்த ஒரு டொபியை உரித்து அவர் வாயில் வைத்தேன். "கரையுமட்டும் சூப்புங்கோ. கடிக்கப்படாது" என்றேன்.

இன்ஸ்பெக்டர் இளம் வயதுக்காரர். மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். வயதானவர்கள் என்று எங்களுக்குக் கதிரை காட்டினார். மூலையில் மர வாங்கில் சிவமணி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. நான் சிங்களத்தில் தொடங்குமுன் இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் தொடங்கிவிட்டார். எங்களுக்கு ஒரு மரியாதை; சுற்றி நின்ற கொன்ஸ்டபிள்களுக்கு முன்னால் தனக்கும் ஒரு மதிப்பு.

"அங்கிள், ஷி இஸ் ஸ்டே வித் யூ?"

என் கணவரின் தாடை அசைந்தது. "யெஸ், யெஸ்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"ஃப்ரொம் வென் ஷி இஸ் ஸ்டே?"

டொபி ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. பிள்ளையாரே, இன்னும் கொஞ்ச நேரம் என்று வேண்டிக்கொண்டு, வந்த மாதத்தைச் சொன்னேன்.

"வை ஷி இஸ் கேம் டு கொலம்போ?"

கடக் என்று சத்தம் கேட்டது. டொபி உடைந்துவிட்டது.

"நொட் 'ஷி இஸ் கேம்', ஒஃபிசர். 'வை ஹாஸ் ஷி கம்'" என்றார் என் கணவர்.

பின்னால் நின்ற கொன்ஸ்டபிள் ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. இன்ஸ்பெக்டரின் காது சிவந்தது. சிவமணியின் அடையாள அட்டையை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். பாவி மனுஷா, ஒரு பெண்பிள்ளையின் உயிரை விடவா உனக்கு அந்த இங்கிலீஷ் பெரிது!

"ஹரி. தென் சிங்களென் கியன்ன" என்றார் இன்ஸ்பெக்டர். சரி, இப்போது சிங்களத்தில் சொல்லட்டுமாம். நான் வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "நோனா நெவெய். மஹத்தயா." அம்மா வேண்டாம், ஐயாதான் சொல்ல வேண்டும்.

என் கணவர் எழுந்து நின்றார். யாரும் எழும்பச் சொல்லவில்லை.

"எயா... மகே நங்கிகே துவ. எயா அபே கெதர... தியெனவா."

அறை முழுக்கச் சிரித்தது. என் தங்கையின் மகள், எங்கள் வீட்டில் கிடக்கிறது என்று, கதிரை மேசையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டார். மனிதருக்கு 'இன்னவா' என்று சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் அதை வெகு பொறுமையாக விளக்கினார். பிறகு, "ஆயெத் கியன்ன" என்றார். திரும்பச் சொல்.

சொன்னார். சத்தம் போதாதாம். திரும்பச் சொன்னார். 'கெதர' சரியாக வரவில்லையாம். அதையும் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு, வெள்ளைச் சேர்ட்டின் கழுத்துப் பொத்தானும் பூட்டியபடி, "எயா அபே கெதர இன்னவா, சேர்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். வாயோரத்தில் டொபி எச்சில் வழிந்திருந்தது. துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

இந்த மனிதரின் வாயை யாராவது ஒருநாள் அடைக்க மாட்டார்களா என்று நான் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. அடைத்துவிட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை. என் புருஷனை நான் பேசுவேன், ஏசுவேன். இவன் யார்?

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் ஆறிவிட்டது. சிரித்துக்கொண்டே அட்டையை எடுத்து நீட்டினார். "ஓகே அங்கிள், நவ் யூ கேன் ரிட்டேர்ன் பேக்" என்றார்.

"தேங்க் யூ, சேர்" என்றார் என் கணவர். அந்த வேண்டாத 'பேக்'கைக் கேட்டும் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

காலி வீதியில் சிவமணியை நடுவில் விட்டு நடந்தோம். "மாமா, என்னாலைதானே உங்களுக்கு..." என்று பிள்ளை தொடங்கி, முடிக்காமல் அழுதாள். எழுத்துப் பிழையோடு தொங்கும் சலூன் பலகை வந்தது. அந்த இடத்தில் நின்று திட்டாமல் அவர் ஒருநாளும் போனதில்லை. அன்றைக்கு நிமிர்ந்தும் பார்க்காமல் கடந்து போனார்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"சிவமணி, வீட்டை போய்க் குளிச்சுச் சாப்பிடு. நாளைக்கு என்ன செய்யிறதெண்டு பிறகு வீ வில் டிஸ்கஸ் அபௌட் இற்" என்றேன்.

அவர் தன் பாட்டில் நடந்தார்.

"டிஸ்கஸ் அபௌட் இற்" என்றேன், இன்னும் சத்தமாக. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கேட்டதே? வீ வில் டிஸ்கஸ் அபௌட் இற்!"

கொஞ்சத் தூரம் போனபின் அவர் நின்றார். "அபௌட் தேவையில்லை, பாக்கியம்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"விளங்கேல்லை" என்றேன். கண்ணீர் என் சேலையில் விழுந்துகொண்டிருந்தது. "திரும்பச் சொல்லுங்கோ."