நீர் ஏறிய கவசம்

எங்கள் வீட்டில் மாவுக்கு உப்புப் போட்டுக் கரைப்பது நான்தான். அம்மா அரைப்பாள், ஆனால் கரைக்க மாட்டாள். அவள் கை பட்டால் மறுநாள் காலையிலும் மாவு அசையாமல் அப்படியே கிடக்கும். நான் கரைத்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். மூடிய பிறகு திறந்து பார்க்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். "பாத்துக்கிட்டே இருந்தா அது எப்படிடி பொங்கும்? அதுக்கும் வெக்கம் இருக்காதா?" என்பாள். அதனால் மூடி போட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கீழ அடையவளஞ்சான் தெருவில் எங்கள் வாசலில் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று ஓர் அட்டை தொங்கும். வருகிறவர்களிடம் அம்மாதான் பேசுவாள். நான் உள்ளே பாக்கெட் கட்டுவேன். பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதெல்லாம் எனக்குக் குரல் வரவில்லை. புத்தகம் கையில் இருக்கும், வரி கண்ணுக்குத் தெரியும், தொண்டைக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். என் பெயர் செல்லக்கிளி என்பதால் வகுப்பில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடுதல். அரையாண்டு விடுமுறை முடிந்தபோது நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா சில நாள் திட்டினாள். பிறகு இன்னொரு கிரைண்டர் வாங்கினாள்.

அந்த விடுமுறையில்தான் போனில் ஒரு விளையாட்டுக்குள் போனேன். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து திரியும் ஒரு பெரிய தேசம் அது. காடு, கோட்டை, பனிமலை எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்துப்போனது ஊருக்கு நடுவில் இருந்த உலைக்களம். அங்கே ஆயுதங்களுக்கும் கவசங்களுக்கும் தீ, நீர், காற்று, மண் என்ற நான்கில் ஒரு குணத்தை ஏற்றலாம். வேட்டையில் கிடைக்கும் குணக்கற்களைப் பொருளோடு சேர்த்து உலையில் இட்டு ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏறும். மொத்தம் ஏழு படி. மேலே போகப் போக ஏறுவது அரிது. ஏறாவிட்டால் பொருள் தூள்தூளாகிவிடும்.

தீ ஏறிய வாள், மின்சாரம் திரும்பி வரும்போது குண்டு பல்புக்குள் கம்பி சிவக்குமே, அப்படி மெதுவாகச் சிவக்கும். காற்று ஏறிய வில் சும்மா தோளில் தொங்கும்போதே ரீங்கரிக்கும். மண் ஏறிய கேடயத்தின் மேல் மழை பெய்தால் புழுதி நனையும் வாசனை வரும். போனில் வாசனை வராதுதான். எனக்கு வரும்.

எங்கள் குழுவுக்குக் 'கொள்ளிடம்' என்று பெயர். நான்கு பேர். தலைவி பெலிண்டா அக்கா, தில்லை நகரில் ஒரு பல் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர். சண்டையில் கேடயத்தோடு முன்னால் நிற்பவரும் அவர்தான். தாஹா அண்ணா சிங்காரத்தோப்பில் போன் கவர் விற்கிறார். இளவரசன் அண்ணா கைலாசபுரத்தில் இருக்கிறார். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடி எடுத்து வைப்பார். அவர்கள் மூவரும் விளையாடும்போது வாய் ஓயாமல் பேசுவார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன், பதிலைத் தட்டி அனுப்புவேன். என் பெயருக்குப் பக்கத்தில் மைக் படத்தின் மேல் எப்போதும் ஒரு சிவப்புக் கோடு.

ஒருநாள் 'மண்ணச்சநல்லூர் அரிசி வந்திருக்கு, மூட்டை இறக்கணும், போயிட்டு வரேன்' என்று தட்டினேன். அன்றிலிருந்து தாஹா அண்ணா என்னை ஓனர் என்றுதான் கூப்பிடுவார்.

"நீங்க ரைஸ் மில் ஓனர்தானே? அம்பது வயசு, மீசை இருக்கு. கிளின்னு பேர வச்சிக்கிட்டு எங்கள ஏமாத்துறீங்க. உண்மைய சொல்லுங்க ஓனர்."

நான் ஒரு சிரிப்பு முகத்தை அனுப்புவேன். மறுக்கவில்லை. மீசைக்குப் பின்னால் இருப்பது வசதியாக இருந்தது.

மாவு விஷயத்தை ஒருமுறை அவர்களிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் தாஹா அண்ணா தன் வில்லை என்னிடம் கொடுத்து, "ஓனர், உங்க கையால கொஞ்சம் காத்து ஏத்திக் குடுங்க" என்றார். உலையில் வைத்து அமுக்கிவிட்டு, மாவுக்குச் செய்கிற மாதிரியே போனைத் தரையில் குப்புறக் கவிழ்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எடுத்துப் பார்த்தபோது வில் பாடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு கொள்ளிடத்தின் எந்தப் பொருளும் என் கை படாமல் உலைக்குள் போனதில்லை.

"யாரு அமுக்குனாலும் ஒரே வாய்ப்புதாங்க. கைராசியாவது ஒண்ணாவது" என்பார் இளவரசன் அண்ணா. ஆனால் அவருடைய வாளையும் என்னிடம்தான் கொடுத்தார்.

தெருவில் என்னைத் தேடி யாரும் வருவதில்லை. உலைக்களத்தில் என்னைத் தேடி வந்தார்கள். நான் வராத நாளில், "கிளி எங்க?" என்று பெலிண்டா அக்கா கேட்டாராம். அந்த மூன்று பேர் என்னைத் தேடுவதற்காகவே எனக்கு மாலை நேரம் வந்ததுபோல இருந்தது.

அந்தத் தேசத்தின் வடக்கு ஓரத்தில் சாம்பல் மலை இருந்தது. அதைக் காவல் காப்பவள் சாம்பல் ராணி. அவள் மூச்சு விட்டால் நெருப்பு. மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி இருப்பதாகப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். அங்கே சண்டை கிடையாது, எதிரி கிடையாது, தண்ணீர் மட்டும்தானாம். ஞாயிற்றுக்கிழமை இரவோடு அந்த மலைப்பாதையை மூடிவிடப் போவதாக அறிவிப்பு வந்திருந்தது.

"அந்தக் கரையில போயி கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும்டி" என்றார் பெலிண்டா அக்கா. "பல்லு ராவுற சத்தம் கேட்டுக் கேட்டு என் காதுக்குள்ளயே ஒரு மெஷின் ஓடுது."

தீக்கு எதிர் நீர். ஏழு படி நீர் ஏறிய கவசம் இருந்தால்தான் அந்த மூச்சின் முன்னால் நிற்க முடியும். மழைக்காலம் முழுவதும் அக்கா நீர்க்கல் சேர்த்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் கவசத்தையும் கற்களையும் என் கையில் கொடுத்தார்.

"ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போகுது. உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஏத்து."

மொட்டை மாடிக்குப் போனேன். கோயிலின் வெள்ளைக் கோபுரத்தின் மேல் கிளிகள் வந்து அடைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு படிக்கும் வழக்கம்போல இரண்டு முறை அமுக்குவேன். ஏற்றுவதற்கு ஒன்று, 'உறுதியா' என்று கேட்பதற்கு ஒன்று. உடனே போனைக் கவிழ்த்துவிட்டுக் கோபுரத்தைப் பார்ப்பேன். ஆறு படி ஏறியது. ஏழாவதற்கும் அமுக்கிக் கவிழ்த்தேன். கொள்ளிடம் ஆற்றின் பக்கமிருந்து காற்று வந்து கொடியில் கிடந்த துணிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. போனைத் திருப்பினேன்.

கவசத்துக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விடிகாலையில் ஆற்றுக்கு இருக்குமே ஒரு நீலம், அது. மார்புத் தகட்டில் சின்னச் சுழிகள் எழுந்து கரைந்தன. ஓரத்தில் மணல் தெரிந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது.

காதில் மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "ஓனர், உங்க கைக்கு மோதிரம் போடணும்" என்றார் தாஹா அண்ணா. கவசத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அது நகரவில்லை. மறுபடி இழுத்தேன். என் மார்பிலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

இளவரசன் அண்ணாதான் தேடிப் படித்துவிட்டுச் சொன்னார். "ஏழாம் படி ஏத்துறவங்களுக்குத்தான் அது சொந்தமாம். அப்புறம் யாருக்கும் மாத்த முடியாதாம். ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு பெட்டி வந்திருக்கும், பாக்கலயா?"

வந்திருக்கும். உறுதியா என்று அது கேட்டிருக்கும். நான் ஆமாம் என்று அமுக்கிவிட்டுக் கோபுரத்தைப் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் கிளினிக்கில் யாரோ இருமினார்கள். "கைராசி, கைராசின்னு குடுத்தீங்கல்ல" என்றார் இளவரசன் அண்ணா. "அக்காவே அமுக்கியிருந்தா அக்காகிட்டயே இருந்திருக்கும்."

"விடுடா" என்றார் பெலிண்டா அக்கா. அவர் குரல் இறங்கியிருந்தது. "கிளி, அப்ப நீதான் முன்னாடி நிக்கணும். அங்க ஒரே பொக. முன்னாடி நிக்கிறவங்களுக்கு மட்டுந்தான் நெருப்பு எந்தப் பக்கம் வருதுன்னு தெரியும். நீ சொல்ற பக்கம் நாங்க ஒதுங்குவோம். ரெண்டு கையும் கேடயத்துல இருக்கும், தட்ட முடியாது. வாயத் தொறந்து சொல்லணும். சொல்லுவியா?"

போனை அணைத்துவிட்டேன்.

அன்று அந்த விளையாட்டையே அழித்துவிட நினைத்தேன். விரலை வைத்து அழுத்தினால் படங்கள் எல்லாம் குளிரில் நடுங்குவதுபோல நடுங்கும். அழித்திருந்தால் என்னோடு கவசமும் போயிருக்கும், அக்காவின் மழைக்காலமும் போயிருக்கும். விரலை எடுத்தேன்.

சனிக்கிழமை மதியம் தூங்கும்போது, அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு கொள்ளிடத்து மணலில் நடந்தேன். நான் நடந்த இடமெல்லாம் தண்ணீர் ஊறியது. வகுப்பில் சிரித்த பெண்கள் எல்லாம் கரையில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை.

எழுந்து மாவு கரைத்தேன். அண்டாவுக்குள் குனிந்து, "எடப்பக்கம்" என்றேன். "வலப்பக்கம்" என்றேன். அண்டா என் குரலைக் கொஞ்சம் பெரிதாக்கித் திருப்பித் தந்தது.

"மாவுகிட்ட என்னடி பேசுற?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்ல."

"பேசு பேசு. அதாவது கேக்கட்டும்."

ஞாயிறு மாலை மாடிக்குப் போனேன். தெற்கே மலைக்கோட்டையில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. போனுக்குள் சாம்பல் மலை. நான் முன்னால் போய் நின்றதும் கவசத்தின் நீலம் புகையில் ஒரு வட்டம் போட்டது. பின்னால் வந்த மூவரும் வெறும் நிழல்கள். மைக் படத்தின் சிவப்புக் கோட்டை எடுத்திருந்தேன். என் மூச்சு அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

ராணி வந்தாள். முகம் இல்லை, அடுப்புக்குள் குனிந்து பார்த்தால் தெரிகிற கனல் மட்டும். அவள் மூச்சை உள்ளே இழுத்தபோது இடது பக்கம் சிவப்பது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். கதவு சாத்திக்கொண்டது. நெருப்பு என் மேல் வந்து, தண்ணீரில் விழுந்த கங்குபோல் உஸ்ஸென்று அணைந்தது. பின்னால் இளவரசன் அண்ணா விழுந்துவிட்டார்.

"நான் போயிட்டேன்" என்றார் அவர், கோபம் இல்லாமல்.

"கிளி, தப்பாச் சொன்னாலும் பரவால்ல" என்றார் அக்கா. "ஏதாவது சொல்லு."

ராணி மறுபடி மூச்சை இழுத்தாள். அப்போது தாஹா அண்ணா, "ஓனர், பெருசா ஒண்ணும் வேணாம். லாரி வந்து நிக்குது, மூட்டைய எந்தப் பக்கம் எறக்கணும்? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்தால் எப்படியோ அந்தக் கதவு திறந்துதான் ஆக வேண்டும். அதன் இடுக்கு வழியாக, "வலப்பக்கம் வருது, எடப்பக்கம் போங்க" என்று ஒரு குரல் போனது. மெலிந்த குரல்தான். நிழல்கள் இரண்டும் இடப்பக்கம் ஓடின. நெருப்பு வலப்பக்கம் வெறுமனே கொட்டியது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன்.

"இப்ப வலப்பக்கம் போங்க. குனியுங்க. அண்ணா, இப்ப விடுங்க." வில் பாடியது. "மறுபடியும் எடப்பக்கம்." இந்த முறை நான் எதையும் கவிழ்த்து வைக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தும் கவசத்தின் நீர் தளும்பித் தளும்பி மேலே வந்தது. என் குரலும் வந்தது. கடைசியில் அவளுடைய கனல் சுருங்கி, கரியாகி, உதிர்ந்தது.

புகை விலகியபோது ஏரி இருந்தது.

சொன்னது போலவே அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும். விழுந்து கிடந்த இளவரசன் அண்ணாவும் எழுந்து வந்தார். நாங்கள் நால்வரும் கரையில் உட்கார்ந்தோம். பெலிண்டா அக்கா வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "கேக்குதா? ஒண்ணுமே கேக்கல" என்றார்.

"ரைஸ் மில் ஓனர் இல்லியா அப்ப?" என்றார் தாஹா அண்ணா மெதுவாக. "மீசைய நெனச்சு எவ்வளவு மரியாத குடுத்தேன்."

கீழே வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். "மாவு இருக்காம்மா?" அம்மா உளுந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். யாரும் இல்லை என்று நினைத்து வந்த அம்மாள் திரும்பிப் போகப் பார்த்தார். நான் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தேன்.

"இருக்குங்க. நில்லுங்க, வரேன்."

அவர் அண்ணாந்து பார்த்தார். தெருமுனையில் உளுந்துப் பையோடு வந்துகொண்டிருந்த அம்மாவும் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"மாவு மில்லும் வச்சிருக்கீங்களா ஓனர்?" என்றது போன். மைக்கை அணைக்க மறந்திருந்தேன். போனைச் சுவர் மேலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினேன். போனுக்குள், கவசத்தோடு நான் அந்தக் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.